செவில் நகரில் சாப்பாடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியா மாநிலத்தின் தலைநகரான செவிலுக்குப் புறப்படும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், சாப்பாடு தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் என் மனைவியும் மே மாதத்தில் நான்கு நாட்கள் செவிலில் தங்கப்போகிறோம். எங்களுக்கு எந்த உணவிலும் விலக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று வீதம் நான்கு சிறந்த உணவகங்களின் பெயரைச் சொன்னால் இப்போதே முன்பதிவு செய்துவிடுவேன்.
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: நான்கு பெயர்களைச் சொல்வது எளிதுதான், ஐயா. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து முழுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு எழுந்து வருவது அந்த ஊர்ப் பழக்கம் அன்று. ஒரு கடையில் ஒரு தட்டு, அடுத்த தெருவில் இன்னொரு கடையில் இரண்டு தட்டு, மூன்றாவதில் கடைசியாக ஒன்று என்று நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். 'தாபா' என்னும் சிறு தட்டு அதற்காகவே இருக்கிறது. அதில் நான்கைந்து வாய்க்கு மேல் இருக்காது. விலை பெரும்பாலும் 3 முதல் 5 யூரோ. அதே பண்டத்தைக் கூடுதலாக வேண்டுமென்றால் 'மேதியா ரசியோன்' என்று அரைத் தட்டும், 'ரசியோன்' என்று முழுத் தட்டும் கேட்கலாம். இருவர் போகும்போது ஒவ்வொரு கடையிலும் இரண்டு தாபாக்களுக்கு மேல் வாங்காமல் இருப்பதே நல்லது. வயிற்றில் அடுத்த கடைக்கும் இடம் வேண்டுமல்லவா?

எனவே உணவகத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்தக் கடையில் எது பெயர்பெற்றது என்று தெரிந்துகொண்டு போவதுதான் பயன் தரும். முதல் நாள் ஹெரோனா தெருவிலுள்ள 'எல் ரின்கொன்சில்யோ'வுக்குப் போங்கள். 1670 முதல் இருந்துவரும் அந்தக் கடையில் ஓடு பதித்த சுவரும், மேலே வரிசையாகத் தொங்கும் பன்றித் தொடைகளும், பல தலைமுறைகளின் முழங்கை பட்டுக் கறுத்த மரப்பலகையும் உங்களை வரவேற்கும். பரிமாறுபவர் நீங்கள் வாங்குவதன் விலையை உங்கள் முன்னாலேயே அந்தப் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டே வருவார். கணக்குக் கேட்டதும் கூட்டிச் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எழுதத் தொடங்குவார். அங்கே மேசை போட்ட பகுதியும் உண்டு. ஆனால் நின்று சாப்பிடும் முன்பகுதியை விட்டு மேசைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

பேராலயத்துக்கு அருகே கார்சியா தெ வினுவேசா தெருவில் 1850-இல் தொடங்கிய 'காசா மொராலெஸ்' இருக்கிறது. அதன் உள்கூடத்தில் ஆளுயரத்துக்கும் மேலான பழைய மண்தாழிகள் நிற்கும். ஒரு காலத்தில் ஒயின் நிரப்பி வைத்தவை அவை. பேராலயத்தின் மறுபக்கம், ரொத்ரிகோ காரோ தெருவிலுள்ள 'பொதேகா சாந்தா குரூஸ்' எப்போதும் நெரிசலாகவே இருக்கும். அங்கே 'பிரிங்கா' வைத்த சிறு ரொட்டியைக் கேளுங்கள். கொண்டைக்கடலையுடன் நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, இரத்தக் குழலிறைச்சி (சாசேஜ்) ஆகியவற்றைப் பிய்த்துப் பிசைந்து, சூடான ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். இவ்வகைப் பழைய கடைகளுக்கு மாறாக, இன்றைய கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சான் லொரென்சோ பகுதியிலுள்ள 'எஸ்லாவா'வுக்குப் போகலாம். காளான் அடையின்மேல் மெல்லிய சூட்டில் வெந்த முட்டைக்கருவை வைத்துத் தரும் தாபாவுக்கு அது பெயர்பெற்றது. அங்கே மேசைப் பகுதிக்கு மட்டும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தாபா பகுதிக்குக் கடை திறக்கும் நேரத்திலேயே போய் நின்றுவிடுவதுதான் வழி.

ஒரு மதியத்தை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள திரியானாவுக்கு ஒதுக்குங்கள். பாலத்தைக் கடந்ததும் வருகிற சந்தை, மதவிசாரணை மன்றம் இயங்கிய சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகளின்மேல் எழுப்பப்பட்டது. மீன்கடைகளுக்கு நடுவிலேயே சிறு உணவுக்கடைகளும் இருக்கின்றன.

கேள்வி: சென்ற கோடையில் குடும்பத்தோடு போயிருந்தோம். மாலை ஆறரை மணிக்குக் குழந்தைகள் பசி என்று அழ, ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் சமையலறை மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மீண்டும் போகிற எண்ணம் இருக்கிறது. இதற்கு என்ன வழி?
ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: அம்மா, அது உங்களை மட்டும் தவிர்க்கச் சொன்னது அன்று, அந்த நேரத்தில் அங்கே அடுப்பு எரியாது. மதியச் சாப்பாடு ஒன்றரை, இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிவரை நடக்கும். அதன்பின் சமையலறை ஓய்ந்து, இரவு எட்டு, எட்டரைக்கு மேல்தான் மறுபடி திறக்கும். ஊர்மக்கள் ஒன்பதரைக்குத்தான் வரத் தொடங்குவார்கள்.

இது வெறும் சோம்பல் என்று நினைப்பவர்கள் கடிகாரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. செவில் நகரம் கிரீன்விச்சுக்கு மேற்கே ஏறத்தாழ ஆறு பாகை தள்ளி இருக்கிறது. சூரியனைப் பார்த்தால் அது லண்டனைவிடப் பின்தங்கிய நேரத்தில் இருக்க வேண்டிய ஊர். ஆனால் 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. அது இன்றுவரை மாறவில்லை. இதோடு கோடைக்கால நேரமும் சேரும்போது, ஜூன் மாதத்தில் உச்சிவெயில் பிற்பகல் இரண்டரை மணியளவில்தான் வரும், சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகப்போகும். இரண்டரைக்குச் சாப்பிடுகிறவர் உண்மையில் உச்சிப்பொழுதில்தான் சாப்பிடுகிறார். வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊரில், வெயில் தாழும்முன் இரவுச் சாப்பாட்டை நினைக்க முடியாது என்பதும் இன்னொரு காரணம்.

குழந்தைகளோடு போகும்போது நாளைத் திருப்பிப் போட்டுக்கொள்வதே சிறந்தது. காலையில் பத்து மணிக்குச் சுட்ட ரொட்டியும் பாலும். மதியம் இரண்டு மணிக்கு வயிறு நிறையப் பெரிய சாப்பாடு. வார நாட்களில் பல கடைகளில் 'மெனு தெல் தியா' என்று முதல் தட்டு, இரண்டாம் தட்டு, பழம் அல்லது இனிப்பு எல்லாம் சேர்த்து 12 முதல் 16 யூரோவுக்குள் கிடைக்கும். பிறகு அறையில் உறக்கம். மாலை ஆறு மணிக்கு அந்த ஊர்க் குழந்தைகளும் 'மெரியெந்தா' என்று சிற்றுண்டி சாப்பிடுகிறார்கள்; அப்போது காபிக் கடைகளும் இனிப்புக் கடைகளும் திறந்தே இருக்கும். ஒன்பது மணிக்கு லேசாக இரண்டு தாபா போதும். பத்து மணிக்குச் சதுக்கங்களில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்க, பெற்றோர் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் குழந்தைகளும் அதில் எளிதாகக் கலந்துகொள்வார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பாலும் தயிரும் சாப்பிடுவோம், முட்டை கிடையாது. எங்கு பார்த்தாலும் பன்றித் தொடை தொங்கும் ஊரில் எங்களுக்கு என்ன கிடைக்கும்? கையோடு புளிக்காய்ச்சல் எடுத்துப்போவதுதான் வழியா?
ஒரு தம்பதியர், கும்பகோணம்

பதில்: புளிக்காய்ச்சல் இருக்கட்டும், கெடாது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டிய அளவுக்கு நிலைமை மோசமில்லை. செவிலின் தனிப்பெரும் தாபா என்று நான் சொல்லக்கூடியது சைவம்தான். 'எஸ்பினாகாஸ் கொன் கர்பான்சோஸ்' என்று கேளுங்கள். பசலைக்கீரையை நன்றாகச் சுருங்க வதக்கி, எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டையும் பூண்டையும் சீரகத்தோடு சேர்த்து இடித்துப் போட்டு, மிளகாய்ப்பொடியும் ஒரு சொட்டுக் காடியும் (வினிகர்) விட்டு, வெந்த கொண்டைக்கடலையைச் சேர்த்து இறக்குவார்கள். மேலே மொறுமொறுப்பான ரொட்டித் துண்டு ஒன்று செருகியிருக்கும். கீரையை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தவர்கள் அராபியர்கள். 1248-இல் காஸ்டீல் அரசர் நகரைக் கைப்பற்றிய பின்னும் அவர்களுடைய சீரகமும் கத்தரிக்காயும் சமையலறையை விட்டுப் போகவில்லை. கிறித்தவர்கள் இறைச்சியை விலக்கும் தவக்காலத்தில் இந்தக் கீரை பெரிய சட்டிகளில் வேகும் என்பதால், ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் போகும் சைவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

கத்தரிக்காயை மெல்லியதாக வறுத்துக் கரும்புப்பாகு ஊற்றித் தரும் 'பெரென்ஹெனாஸ் கொன் மியெல்', கல்லுப்பு தூவி வதக்கிய சிறு பச்சைமிளகாய்களான 'பிமியெந்தோஸ் தெ பத்ரோன்', தக்காளியும் குடைமிளகாயும் சுரைவகைக் காய்களும் சேர்ந்த 'பிஸ்தோ', கோடையில் குளிரக் குடிக்கும் 'கஸ்பாச்சோ' ஆகியவையும் உங்களுக்கு ஆகும். பிஸ்தோவின் மேல் பொரித்த முட்டை வைக்கும் வழக்கம் இருப்பதால், அதை முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கஸ்பாச்சோவைவிடக் கெட்டியான 'சல்மொரேஹோ' தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் மட்டும் அரைத்தது. ஆனால் அதன்மேல் அவித்த முட்டையையும் 'ஹமோன்' என்னும் பன்றித் தொடைத் துருவலையும் தூவாமல் கொடுக்க அந்த ஊர்க்காரருக்குக் கை வராது. 'சின் ஹமோன், சின் உவேவோ' என்று இரண்டையும் தவிர்க்கச் சொல்லிவிட்டே வாங்குங்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் பல பழைய கடைகளில் இறைச்சித் துண்டு இல்லாத சாப்பாடு என்றே எடுத்துக்கொள்வார்கள். சூரை மீனையோ தூவிய ஹமோனையோ கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எனவே இறைச்சி, மீன், சூரை, ஹமோன், முட்டை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்குங்கள். ஸ்பானிய மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்று கையில் இருந்தால் பேச்சு மிச்சம். கலவை சாலட் என்று கேட்டால் அதன்மேல் சூரை மீன் பெரும்பாலும் இருக்கும். உருளைக்கிழங்கைக் காடியும் எண்ணெயும் விட்டுப் பிசறும் 'பாப்பாஸ் அலிஞாஸ்' தட்டிலும் அப்படியே. அன்றைய சாப்பாட்டுப் பட்டியலில் பயறு என்று கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அதில் குழலிறைச்சி சேர்ந்தே வேகும். கூனைப்பூ (ஆர்டிசோக்), காளான், அவரை ஆகியவற்றோடு ஹமோன் சேர்ப்பது அவர்கள் வழக்கம். உருளைக்கிழங்கு அடையான 'தொர்தில்யா' முட்டையால் ஆனது. எண்ணெயில் பொரித்தவை எல்லாம் மீன் பொரித்த அதே எண்ணெயில் வந்திருக்கலாம். அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் மனத்தைப் பொறுத்தது.

காலைச் சாப்பாட்டில் மட்டும் உங்களுக்குக் கவலையே இல்லை. சுட்ட ரொட்டியின்மேல் அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தரும் 'தொஸ்தாதா' ஊரின் எந்த மூலையிலும் கிடைக்கும். பக்கத்து மேசைக்குப் போகும் ரொட்டியில் செம்மஞ்சள் நிறத்தில் பூசியிருப்பது பன்றிக் கொழுப்பு. அதைக் கண்டு நீங்களும் கை காட்டிவிடாதீர்கள். மாவும் தண்ணீரும் உப்பும் கலந்து பொரித்த 'சுர்ரோ'வும் முட்டையில்லாததே.

கேள்வி: கோழி, ஆடு, மீன் சாப்பிடுவோம். மாடும் பன்றியும் எங்கள் வீட்டில் கிடையாது. பட்டியலைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?
ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: மீனை நம்பிப் போங்கள். பாரம்பரியத் தாபாக்களில் கோழி அரிது, ஆடு அதைவிட அரிது. ஆனால் காடிஸ், உவேல்வா கடற்கரைகள் பக்கத்திலேயே இருப்பதால் மீனுக்குக் குறைவில்லை. காடி, சீரகம், பூண்டு சேர்த்து ஊறவைத்துப் பொரித்த சுறாத் துண்டுகளான 'காசோன் என் அதோபோ'வை முதலில் கேளுங்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஹோசே தெ வெலில்யா தெருவிலுள்ள 'பிளாங்கோ செர்ரில்யோ'வில் நெத்திலி வகை மீனை அதே முறையில் ஊறவைத்துப் பொரிப்பார்கள். அந்தக் காடி வாசம் தெருமுனையிலேயே வந்துவிடும். சிறு இறாலை மாவில் கரைத்து வார்த்த மெல்லிய 'தொர்தில்யித்தாஸ் தெ கமரோனெஸ்', கணவாய், உப்பிட்ட பண்ணா வகை மீனைப் பொரித்த 'பாவியா' ஆகியவையும் இருக்கின்றன.

பெயர்களில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 'சொலோமில்யோ', 'கர்ரில்யாதா', 'மெச்சாதா', 'சேக்ரெதோ' என்ற சொற்கள் செவில் கடைகளில் பெரும்பாலும் பன்றியையே குறிக்கும், 'தெர்னேரா', 'தோரோ', 'புவேய்' என்று வந்தால் மாடு, 'கொர்தேரோ' ஆட்டுக்குட்டி, 'பொல்யோ' கோழி. கம்பியில் கோத்துச் சுட்ட 'பிஞ்சித்தோ' கோழியாகவும் இருக்கும், பன்றியாகவும் இருக்கும்; கேட்டுவிட்டே வாங்குங்கள். மதுவையும் தவிர்ப்பவராக இருந்தால், குழம்பு ஊற்றிய இறைச்சிகள் பலவற்றில் ஒயின் சேரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த மீனில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கேள்வி: பாயேயா சாப்பிடாமல் ஸ்பெயினை விட்டு வருவதா? பேராலயத்தைச் சுற்றிப் படம் போட்ட பலகைகளோடு பல கடைகளில் விற்கிறார்களாமே? அப்படியே ஃபிளமெங்கோ நடனத்தோடு இரவுச் சாப்பாடு தரும் இடமும் சொல்லுங்கள்.
ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: பாயேயா என்னும் அரிசி உணவு, ஸ்பெயினின் கிழக்கிலுள்ள வாலென்சியாவுக்கு உரியது. செவிலில் படப்பலகை வைத்து விற்பதில் பெரும்பகுதி உறைய வைத்து வந்ததைச் சூடு செய்து தருவது. ஆளுக்கொரு தட்டாக ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால் அதிலேயே விடை இருக்கிறது. உண்மையான பாயேயா இருவருக்குக் குறையாமல், கேட்ட பிறகு அடுப்பில் ஏற்றி, அரைமணி நேரம் காத்திருந்து சாப்பிடுவது. பயணத்தில் வாலென்சியா இருந்தால் அதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நடனத்தையும் சாப்பாட்டையும் ஒரே சீட்டில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நாடக அரங்கு போன்ற சிறு கூடங்களில் ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தனியாகப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு வெளியே வந்து உங்களுக்குப் பிடித்த கடையில் சாப்பிட்டால், ஆட்டமும் சாப்பாடும் இரண்டுமே நன்றாக அமையும்.

கேள்வி: கேட்காமலே ரொட்டி வைத்துவிட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள், தண்ணீருக்கும் காசு என்கிறார்கள். இது முறையா? இனாம் எவ்வளவு வைக்க வேண்டும்?
ஒரு வாசகர், மதுரை

பதில்: ரொட்டிக்கும் அதோடு வரும் சிறு மொறுமொறு குச்சிகளுக்கும் ஆளுக்கு ஒரு யூரோ அளவில் வாங்குவது வழக்கம், பட்டியலில் விலை போட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடலாம். தண்ணீரைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: 2022-இல் வந்த கழிவுச் சட்டத்தின்படி, உணவகங்கள் குழாய்த் தண்ணீரைக் காசில்லாமல் தர வேண்டும். 'அகுவா தெல் கிரிஃபோ' என்று கேளுங்கள். வெறும் தண்ணீர் என்றால் புட்டிதான் வரும். வெளியே போட்ட மேசைகளில் விலை கூடுதலாக இருப்பதும், அங்கே தாபா தராமல் பெரிய தட்டு மட்டுமே தருவதும் உண்டு. உட்காரும் முன் கேட்பது நல்லது. அதே மாநிலத்தின் கிரனாதா நகரில் குடிபானத்தோடு தாபா இலவசமாக வரும் என்று கேட்டவர்கள் அதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இனாம் கட்டாயமில்லை, சில்லறையை விட்டு வந்தால் போதும்.

கேள்வி: கன்னியர் மடங்களில் இனிப்பு விற்கிறார்களாமே? ஊருக்கு வாங்கிவர ஏற்றது எது?
ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: சான் லெயாந்த்ரோ மடத்தின் 'யேமாஸ்' பெயர்போனது, முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்ந்த சிறு கூம்பு உருண்டை. வாங்கும் முறையே தனி. வாசலுக்குள் நுழைந்தால் ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். சுவரில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று மட்டும் இருக்கும். மணியை அடித்தால் உள்ளிருந்து குரல் வரும். வேண்டியதைச் சொல்லிப் பணத்தை வைத்தால் பெட்டி சுழன்று உள்ளே போய், இனிப்புப் பெட்டியோடும் மீதிச் சில்லறையோடும் திரும்பி வரும். கன்னியரின் முகத்தைக் காண முடியாது. மதிய நேரத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போங்கள். டிசம்பர் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு பல மடங்களின் இனிப்புகள் அல்காசர் அரண்மனையில் ஒரே இடத்தில் விற்பனைக்கு வரும்.

யேமாஸ் நீண்ட நாள் தாங்காது. ஊருக்கு வாங்க 'தொர்த்தாஸ் தெ அசேய்தே' ஏற்றது. ஆலிவ் எண்ணெயும் சோம்பும் சேர்த்துச் சுட்ட மெல்லிய தட்டை அது. பக்கத்திலுள்ள காஸ்தில்யேஹா தெ லா குவெஸ்தா ஊரில் 1910-இல் தொடங்கிய 'இனேஸ் ரொசாலெஸ்' நிறுவனம் அதைச் செய்கிறது. ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் தனியே சுற்றியிருப்பார்கள். பல்பொருள் கடைகளில் கிடைக்கும். கிறிஸ்துமஸ் காலத்தில் அழகான தாளில் சுற்றி விற்கும் 'மந்தேகாதோ', 'பொல்வொரோன்' ஆகியவற்றைச் சைவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். மாவோடு பன்றிக் கொழுப்பு சேர்த்தே அவற்றைச் செய்வார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்தவையும் உண்டு, பெட்டியின் பின்பக்கத்தில் 'மந்தேகா தெ செர்தோ' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தெருவெங்கும் காய்த்துக் கிடக்கும் ஆரஞ்சைப் பறித்துத் தின்னலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அது நாரத்தை போலக் கசக்கும். ஆங்கிலேயரின் மார்மலேடுக்குத்தான் ஆகும்.

கேள்வி: ஆகஸ்ட் மாதத்தில் விமானக் கட்டணம் குறைவாக இருக்கிறது. அப்போது போகலாமா? ஏப்ரல் திருவிழாவில் ஊரே சாப்பிட்டுக் கொண்டாடும் என்கிறார்களே, அது எப்படி?
ஒரு வாசகர், சென்னை

பதில்: சாப்பாட்டுக்காகப் போகிறவர் ஆகஸ்டைத் தவிர்க்க வேண்டும். குடும்பமாக நடத்தும் கடைகள் பல அந்த மாதத்தில் வாரக்கணக்கில் மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகின்றன. நான் மேலே சொன்ன வகையிலான கடைகளே அவற்றில் அதிகம். திறந்திருப்பவற்றில் பயணிகளை நம்பியவைதான் மிஞ்சும். ஏப்ரல் திருவிழா பெரும்பாலும் ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரங்களுக்குப் பின் வரும். மைதானத்தில் ஏறத்தாழ ஆயிரம் கூடாரங்கள் போடுவார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமானவை, அழைப்பில்லாமல் உள்ளே போக முடியாது. மாநகராட்சியும் வேறு சில அமைப்புகளும் நடத்தும் பொதுக்கூடாரங்களில் யாரும் போய்ப் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடலாம். அவை எங்கே இருக்கின்றன என்று மைதான வாயிலிலுள்ள தகவல் சாவடியில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அந்த வாரத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். எனவே திருவிழா முடிந்த பிறகு மே மாதத்தில் போவதையே பரிந்துரைக்கிறேன். அப்போது கடை வாசல்களில் 'நத்தை இருக்கிறது' என்று கையால் எழுதிய அட்டைகள் தொங்கும். தைரியமுள்ளவர்கள் அதையும் ஒரு தாபா கேட்டுப் பார்க்கலாம்.